வேரில்லாமல் மூன்று மாதம்

ஜூன் மாதம் பிறந்து, அவுஸ்திரேலியாவில் குளிர் தொடங்கிவிட்டால் என் கைத்தொலைபேசிக்கு ஓய்வில்லை. மெல்பேர்ணில் தோட்டம் வைத்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு வட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. நான் வேலையை விட்ட கையோடு யாரோ என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். டார்னெய்ட்டிலிருந்து ஒருவர் இலை மஞ்சளாகிப்போன செவ்வரத்தையை, அதாவது செம்பருத்தியைப் படம்பிடித்துப் போடுவார். பின்னாலேயே இன்னொருவர் மொட்டையாக நிற்கும் தேமாவைப் போடுவார். "பிலோமினா அக்கா, இலை எல்லாம் கொட்டுண்டு போச்சு. என்ன செய்யிறது?"

ஒன்றும் செய்யாதேங்கோ என்று எழுதுவேன். இருபத்தெட்டு வருடமாக நான் சொல்லிவரும் பதில் இது. யாருக்கும் பிடிப்பதில்லை. ஐந்து நிமிடம் கழித்து, "கொஞ்சம் உரம் போட்டால்?" என்று வரும். போன கிழமை ஒருவர் தன் தேமாவுக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் கட்டி, அதன்மேல் பிள்ளையின் போர்வையையும் சுற்றிவிட்டிருந்தார். அவருக்கு நான் எழுதியதை இங்கே எழுத முடியாது. அதைப் பார்த்த, குழுவை நடத்தும் பெண்பிள்ளை, "அக்கா, நீங்கள் ஏசுறதை ஒரு கட்டுரையா எழுதித் தாங்கோவன், எல்லாருக்கும் உதவும்" என்றாள். எழுத உட்கார்ந்தேன். ஏச்சு கொஞ்சம்தான் வருகிறது. வேறு என்னவெல்லாமோ வருகிறது.

நான் வேலை செய்த இடம் மெல்பேர்ணுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் இருந்த ஒரு செடிப்பண்ணை. கோடையில் செடிகளை விற்போம். குளிர்காலத்தில் மற்றவர்களின் செடிகளை வைத்துப் பார்ப்போம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விடுதி இருப்பதுபோலத்தான் இதுவும். வெப்பநாட்டுப் பூமரங்களுக்கு மெல்பேர்ண் பனி ஆகாது. வீட்டில் இடமில்லாதவர்கள் ஏப்ரல் கடைசியில் செடியைக் கொண்டுவந்து விடுவார்கள். நவம்பரில் வந்து எடுத்துப் போவார்கள். அவற்றை வைத்திருந்த கூடத்துக்கு நாங்கள் சொன்ன பெயர் குளிர்வீடு. பெயர்தான் அப்படி, உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். இரட்டைப் பிளாஸ்டிக் கூரை, ஒரு ஹீற்றர், இரண்டு காற்றாடி, நான்கு வரிசை மரத்தட்டு. வெளியே புல் வெள்ளையாக உறைந்திருக்கும் காலையில் அந்தக் கதவைத் திறந்தால் மூக்குக்கண்ணாடியில் நீராவி படிந்து ஒரே புகாராகிவிடும். ஈரமண்ணும் இலையும் சேர்ந்த ஒரு மணம் வந்து முகத்தில் அடிக்கும். கண்ணாடியைத் துடைக்காமல் அப்படியே கொஞ்சநேரம் நிற்பேன். இப்போது நான் ஏங்குவது பெரும்பாலும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

முதலாளி ஹென்க் ஒல்லாந்துக்காரர். ஆறரை அடி உயரம். எந்தக் கதவிலும் குனிந்துதான் நுழைவார், குனிய வேண்டாத கதவிலும் பழக்கத்தில் குனிவார். ஒரு பேனாக்கத்தி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். என்னைப் 'பில்' என்று கூப்பிடுவார். மன்னாரில் எனக்கு ஞானஸ்நானம் தந்த சுவாமியார் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். ஹென்க் நன்றி சொல்லமாட்டார், பாராட்டவும் மாட்டார். வேலை திருத்தமாக இருந்தால் மூக்கால் ஒரு 'ம்' வரும். முதல் 'ம்' எனக்குக் கிடைக்க இரண்டு வருடம் எடுத்தது.

அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொட்டி தூக்கினேன், தரை கழுவினேன், பெயர்ச்சீட்டு எழுதினேன். ஹென்க் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. ஒருநாள் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கைகளிலும் ஒவ்வொரு தொட்டியை வைத்தார். எது தண்ணீர் குடித்தது என்று கேட்டார். நான் தவறாகச் சொன்னேன். தொட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் அதே. ஒரு மாதம் கழித்து, என் கைக்கே தெரிய ஆரம்பித்தது. பிறகு கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை.

செடி வந்து இறங்கும் நாளில் செய்வது ஒரு பூசை மாதிரி, வரிசை மாறக்கூடாது. முதலில் இலையின் அடிப்பக்கம் பார்க்க வேண்டும், மாப்பூச்சி ஒளித்திருப்பது அங்கேதான். சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, இரண்டு கிழமை தனித்தட்டில் வைக்க வேண்டும். உரம் நிறுத்த வேண்டும். தொட்டி சீமெந்துத் தரையில் இருக்கக்கூடாது. சீமெந்து குளிரை வேருக்கு ஏற்றும், ஒரு பலகைத் துண்டாவது கீழே வேண்டும். தண்ணீர் காலையில் மட்டும், கை பொறுக்கும் சூட்டில், தண்டில் படாமல். அதுவும் தொட்டி தேத்தண்ணி வைக்கும் வெறும் கேத்தல்போலக் கனம் குறைந்தால்தான். தேமாவுக்கு அதுவும் இல்லை. இந்தியத் தமிழர்கள் சிலருக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். விரல் தடிப்பில் கிளை, வெட்டினால் பால், ஐந்து இதழில் வெள்ளையும் நடுவில் மஞ்சளுமாகப் பூ. இந்த நாட்டுக்காரர் பிராஞ்சிப்பனி என்பார்கள். குளிரில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் தடியாக நிற்கும். அப்போது அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. தூங்குகிறவன் வாயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் அதற்கும்.

உயிர் இருக்கிறதா என்று நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பது இன்னொரு வழக்கம். பச்சை தெரிந்தால் உயிர். ஆனால் ஹென்க்கைத் தவிர வேறு யாரும் சுரண்டக்கூடாது, மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அவரும் சுரண்டமாட்டார். ஒரு அன்ரி தன் தேமாவுக்கு உயிர் இருக்கிறதா என்று தினம் தினம் பார்த்து, ஓகஸ்டில் எங்களிடம் கொண்டுவந்தபோது அதில் பட்டையே இல்லை. நவம்பர் குதிரைப் பந்தய விடுமுறை வரைக்கும் எந்தச் செடியையும் செத்ததென்று சொல்லக்கூடாது என்பது ஹென்க்கின் சட்டம். அதற்கு முன் யாராவது ஒரு செடியைக் குப்பைக் கூடைக்குக் கொண்டுபோனால், பின்னாலேயே போய்த் திரும்ப எடுத்துவருவார்.

குளிர்வீட்டுப் பூட்டுக்கு இரண்டு திறப்பு. ஒன்று ஹென்க்கிடம், மற்றது என்னிடம். வாடிக்கையாளர் யாரும் உள்ளே வரக்கூடாது. கதவு திறந்தால் சூடு போகும், சட்டையோடு பூச்சி வரும், ஆளுக்கொரு அபிப்பிராயமும் கூடவே வரும். இந்தச் சட்டத்தை நான் பல வருடம் காப்பாற்றினேன். சுகுவுக்காகத்தான் மீறினேன்.

சுகு என்பது அவர் பெயர் இல்லை, இங்கே அப்படி வைத்துக்கொள்வோம். ஒரு மே மாதக் காலையில் ரெயிலிலும் இரண்டு பஸ்ஸிலும் ஏறி, பெயின்ற் வாளியில் வைத்த தேமா ஒன்றை உடுக்கும் சாரத்தால் சுற்றிக் கட்டிப்பிடித்தபடி வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். என் பெயர்ச்சீட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா தமிழோ?" என்றார். ஓம் என்றேன். சுமையை இறக்கிவைத்ததுபோல மூச்சு விட்டார்.

முல்லைத்தீவுக்காரர். படகேறிக் கடலால் வந்தவர். தற்காலிக விசா. டண்டினோங்கில் ஏழு ஆண்கள் சேர்ந்திருந்த வீட்டில் ஒரு அறையில் பாதி அவருக்கு. கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. மனைவி வதனியும் மகளும் ஊரில். பிள்ளைக்கு ஒன்பது மாதமாக இருந்தபோது விட்டுவந்தவர், அப்போது அவளுக்கு ஏழு வயது. விசா நிரந்தரமாகாமல் அவர்களைக் கூப்பிட வழியில்லை, போய்ப் பார்த்துவரவும் வழியில்லை. தேமா, தெருவோரம் யாரோ எறிந்திருந்த கிளையிலிருந்து அவர் முளைக்க வைத்தது.

"வதனிக்கு இந்தப் பூ எண்டால் உயிர் அக்கா. வீட்டு வாசல்ல நிண்டது. சண்டைக்குள்ள அழிஞ்சு போட்டுது. அவ வந்து இறங்கேக்க இதில பூ பிடுங்கிப் பிள்ளையாருக்கு வைக்கோணும். அப்பிடித்தான் நேர்ந்திருக்கிறன்."

"எப்ப வருவா?"

"அது தெரியாது."

இப்படிச் சொன்னவரிடம் சட்டம் பேச எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு விடுமுறை சனிக்கிழமை மட்டும். ஹென்க் சனிக்கிழமை காலை சந்தைக்குப் போய்விடுவார். சுகு வருவார், "ஒருக்காப் பாத்திட்டுப் போறன் அக்கா" என்பார். திறந்துவிடுவேன். பத்து நிமிடம் செடியின் முன்னால் நிற்பார். நான் அடுத்த வரிசையில் என் வேலையைப் பார்ப்பேன். வெளியே வந்து, "போட்டு வாறன் அக்கா" என்று கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவார்.

காத்திருப்பது எப்படி என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். என் கணவர் பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர். அவர் காலை ஆறு மணிக்கு வருவார், நான் ஆறேகாலுக்குப் போவேன். குசினியில் அந்தக் கால்மணி நேரம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. சட்டையெல்லாம் பாண் மணக்கும். வேலையை விட்டபிறகு காலையில் ஆறுதலாக இருந்து தேத்தண்ணி குடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நான் வேலையை விடுவதற்கு இரண்டு வருடம் முன்னால் அவர் போய்விட்டார். எங்களுக்கு விசா இருந்தது, ஒரே வீடும் இருந்தது. அப்படியிருந்தும் இவ்வளவுதான் கிடைத்தது என்றால், அந்த மனிதனின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

ஜூலை நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, ஹென்க் சுகுவின் வாளியைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடி தூக்கினார்.

"பில், இதற்குத் தண்ணீர் ஊற்றினாயா?" அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"இல்லை."

"யாரோ ஊற்றியிருக்கிறார்கள்."

தண்டின் அடியைப் பெருவிரலால் அமத்தினார். விரல் கொஞ்சம் உள்ளே போனது. தேமாவின் தண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். அது மெத்தென்று ஆனால் அழுகல் உள்ளே ஏறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். "திங்கட்கிழமை பிரித்துப் பார்ப்போம்" என்று ஹென்க் போய்விட்டார்.

மறுநாள் சுகு வந்தார். நான் அடுத்த வரிசைக்குப் போவதுபோலப் போய், வாழைக்கன்றின் பின்னால் நின்று பார்த்தேன். அவர் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை, களவு செய்கிறவர்போல நடந்துகொள்ளவில்லை. சப்பாத்தைக் கழற்றினார். பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு போத்தலை அப்படியே அடித்தண்டில் கவிழ்த்தார். வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர்.

"என்ன தம்பி அது?"

அவர் திடுக்கிடவும் இல்லை. "அறையில வைச்சிருக்கிற பிள்ளையாற்ற அபிசேகத் தண்ணி அக்கா. வெள்ளிக்கிழமையில பால் வார்த்து முழுக்காட்டுறனான். அந்தத் தண்ணியைக் கால்படுற இடத்தில ஊத்தக்கூடாதெல்லோ? குசினி சிங்க்ல பெடியள் மீன் கழுவுறவங்கள். வெளியில முழுக்கக் கொங்கிறீற். பூமரத்தடியில ஊத்துறதுதானே முறை. அதுதான் போத்தல்ல விட்டுக் கொண்டாறனான்."

முறைதான். மன்னாரில் எங்கள் பக்கத்து வீட்டார் சைவக்காரர், அந்த வீட்டிலும் அதைத்தான் செய்தார்கள். ஊர் வெயிலில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். இந்த நாட்டு ஜூலையில் அது காயாது. கிழமைக்குக் கிழமை ஒரு போத்தல், அதுவும் பால் கலந்தது, வேர் தூங்கும் வாளிக்குள். அந்தச் செடியைக் கொன்றுகொண்டிருந்தது அவருடைய வேண்டுதல்தான்.

சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. "ஒவ்வொரு கிழமையும் என்னத்தை வேண்டுறனீங்கள்?" என்றுதான் கேட்டேன்.

"வேற என்ன அக்கா. விசாதான்."

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நீ விசாவுக்காக ஊற்றியது உன் மரத்தை அழுகவைத்துவிட்டது என்று சொன்னால், அந்த மனிதன் அடுத்த வெள்ளிக்கிழமை எந்த முகத்தோடு அந்தப் பிள்ளையாரின் முன்னால் நிற்பான்? நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவள். என்றாலும் வேண்டுதல் வேண்டுதல்தான். அவர் போனபிறகு வாளியைச் சாய்த்து முடிந்தளவு தண்ணீரை வடித்தேன். காலம் கடந்துவிட்டது என்று கைக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை ஹென்க் கேட்குமுன் நானே சொன்னேன். "நான்தான் ஊற்றினேன். மறந்துவிட்டேன்."

அவர் என்னை மேலிருந்து பார்த்தார். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் வாயில் உண்மை வந்துவிடும், அதனால் நான் தரையைப் பார்த்தேன். வாளியைக் கவிழ்த்தார். வேர்கள் கபிலநிறக் கூழாக இருந்தன. ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மணந்தார். கையை நீட்டினார். குளிர்வீட்டுத் திறப்பை அவர் கையில் வைத்தேன். இருபது வருடம் என் கழுத்தில் தொங்கியது. அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை ஒரு செவ்வரத்தையின் பின்னால் போய் முடித்துவிட்டு வந்தேன்.

பிறகு வெட்டு. கத்தியை ஸ்பிரிற்றில் துடைத்து, கீழிருந்து ஒரு விரல் அகலத்துக்கு ஒரு துண்டாக வெட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு துண்டையும் தட்டில் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை மறுபடி துடைத்தார், இல்லாவிட்டால் கத்தியே அழுகலை மேலே கொண்டுபோகும். முதல் துண்டு நடுவில் கறுப்பு. இரண்டாவது கறுப்பு. நான்காவது கபிலம். ஏழாவதில் ஒரு புள்ளி மட்டும். "இன்னும் ஒன்று" என்றார். எட்டாவது முழு வெள்ளை, பால் துளிர்த்தது. வாளியோடு சேர்த்து இடுப்பளவு நின்ற மரத்தில் மிஞ்சியது முழங்கை நீளத்தில் ஒரு தடி. வெட்டுவாயில் கந்தகத் தூள் தடவி, ஹீற்றருக்கு மேலிருந்த தட்டில், பத்திரிகைத் தாளில் படுக்கவைத்தார். மண்ணில் வைக்கக்கூடாது. குளிரில் வைத்தால் மறுபடி அழுகும். ஒக்ரோபரில் மண் சூடாகும்வரை அது அப்படியே, வேரும் இலையும் இல்லாமல் கிடக்க வேண்டும்.

சனிக்கிழமை ஹென்க் சந்தைக்குப் போகவில்லை. கதவை அவரே திறந்து, சுகுவையும் என்னையும் உள்ளே விட்டு, ஒதுங்கி நின்றார். சுகு பத்திரிகைத் தாளில் கிடந்த தடியைப் பார்த்தார்.

"செத்துப்போச்சோ அக்கா?"

"சாகேல்லை. அடி அழுகிப்போச்சு. என்ர பிழை, நான் தண்ணி கூட ஊத்திப்போட்டன். நல்ல துண்டை வெட்டி வைச்சிருக்கிறம்."

"வேர்?"

"இப்ப இல்லை. ஒக்ரோபர்ல நட்டால் வரும்."

"மூண்டு மாசம் வேரில்லாமல் கிடக்குமோ?"

"கவனமா வைச்சா கிடக்கும்."

அவர் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது. "நாங்கள் ஏழு வருசமாக் கிடக்கிறம். அதுவும் கிடக்கட்டும்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கையில் அந்தப் போத்தல். எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் அதை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

"என்னட்டைத் தாங்கோ" என்றேன். "இனி நான் ஊத்துறன். அளவு எனக்குத்தான் தெரியும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் போத்தலைத் தருவார். நான் வாங்கி, அவர் பஸ் ஏறியபிறகு பின்வேலியோரம் நின்ற எலுமிச்சை மரத்தடியில் ஊற்றுவேன். அங்கே யாருடைய காலும் படாது. சிலுவை போடுவதா கும்பிடுவதா என்று தெரியாமல், தலையைக் குனிந்துவிட்டு வருவேன்.

தடி பிழைத்தது. ஒக்ரோபரில் பருமணலில் நட்டு, கீழிருந்து சூடு கொடுத்தோம். குதிரைப் பந்தய விடுமுறை வந்தது, போனது. ஹென்க் தன் சட்டத்தைத் தானே இரண்டு கிழமை நீட்டினார். அதன் முடிவில் தடியின் நுனியில் கிளிமூக்கு அளவில் ஒரு பச்சை வந்தது. ஹென்க் 'ம்' என்றார். சுகு பிள்ளையார் கைவிடவில்லை என்றார். இருந்திருக்கலாம்.

அடுத்த ஏப்ரலில் செடிகள் வந்து இறங்கிய முதல்நாள் காலை, என் மேசையில் திறப்பு இருந்தது. ஹென்க் முதுகைக் காட்டியபடி ஏதோ செய்துகொண்டிருந்தார்.

"அந்தப் போத்தலில் என்ன?" என்றார்.

இனி மறைத்து என்ன? "ஒரு கடவுளைக் குளிப்பாட்டிய பாலும் தண்ணீரும்."

"என் அப்பா மாடு வளர்த்தவர். புளித்த பால் மணம் எனக்குத் தெரியாதா? போன வருடமே மண்ணில் மணந்தேன்." தட்டில் ஒரு தொட்டியை நகர்த்தி வைத்தார். "அடுத்த தடவை பொய் சொல்லும்போது முதலில் எனக்குச் சொல்லிவிட்டுச் சொல். நானும் சேர்ந்து சொல்கிறேன்."

இருபத்தெட்டு வருடத்தில் அந்த மனிதர் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் இப்போது நடமாட்டம் குறைந்து மகளோடு இருக்கிறார். போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் பேசாமல் இருந்துவிட்டு வருவோம். என்றாலும் மாதம் ஒருதடவை போகாவிட்டால் எனக்கு ஏதோ போல இருக்கிறது.

சுகுவிடம் நான் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. அவரும் அந்த வட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறார், இதை வாசிப்பார். தம்பி, வேர் அழுகியது உங்கள் தண்ணீரால்தான். வேண்டுதலால் இல்லை. இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கத் தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

விசா வந்தது. அதற்குப் பிறகும் வதனியையும் மகளையும் கூப்பிடும் கடதாசிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்தன. கடைசியில் வந்த பயணத் திகதி ஜூலையில். நான் வேலை செய்த கடைசிக் குளிர்காலம் அது.

சுகு ஓடிவந்தார். "அக்கா, ஜூலையில பூக்க வைக்கேலாதோ? ஹீற்றரைக் கூட்டி வைச்சால்?"

மரம் அப்போது அவர் தோளளவு, மூன்று கிளை. ஹென்க்கிடம் போய்க் கேட்டேன். விடை தெரிந்தும் கேட்டேன். சூட்டைக் கூட்டினால் இலை வரும், பூ வராது, ஓகஸ்டில் மரமும் போய்விடும் என்றார். வெளியே வந்து சுகுவைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினேன். பதினொரு வருடம் எல்லா அலுவலகத்திலும் அவருக்குக் கிடைத்த தலையாட்டல்தான் அது. கடைசியாக என்னிடமும் கிடைத்தது. அதைவிடக் கசப்பான வேலை எதையும் நான் அந்தப் பண்ணையில் செய்யவில்லை.

"சரி அக்கா. பூ வேண்டாம். அவ வந்து இறங்கேக்க மரமாவது வீட்டில நிக்கட்டும்."

டார்னெய்ட்டில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்திருந்தார். மரத்தை ஒரு வான் வண்டியில் ஏற்றிவிட்டேன். பலகையில் வையுங்கோ, ஹீற்றருக்குக் கிட்ட வேண்டாம், தண்ணீர் ஒரு துளியும் வேண்டாம் என்றேன். வெள்ளிக்கிழமைத் தண்ணீரையும் வேலியோரம் ஊற்றச் சொன்னேன்.

"ஏன், நீங்கள் இவ்வளவு காலமும் மரத்துக்குத்தானே ஊத்தினனீங்கள்?"

"நான் பக்குவமா ஊத்தினனான்" என்றேன்.

அவர்கள் வந்து இறங்கியதற்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு புட்டும் மீன்கறியும் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் சின்னதாக ஒரு சோடிச் சப்பாத்து. மகள் உள்ளே படுத்திருந்தாள், இன்னும் நேரம் பிடிபடவில்லையாம். முன்னறையில் இரண்டு கதிரை, ஒரு பாய். யன்னலோரம் பலகைமேல் தேமா, ஒரு இலைகூட இல்லாமல். வதனி சுகுவின் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். கைகள் சட்டைக்குள் மறைந்திருந்தன.

சுகு என்னைச் சாட்சிக்கு இழுத்தார். "அக்காட்டை எவ்வளவோ கேட்டனான், வதனி. இப்ப பூக்காதாம். நவம்பர்ல பார், மரம் முழுக்கப் பூவாத்தான் இருக்கும்." வந்த நாளிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அவர் குரலிலேயே தெரிந்தது.

வதனி மரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

"ஒவ்வொரு வருசமும் பூத்த உடன படம் அனுப்புவார் அக்கா. பூவை விரலால பிடிச்சபடி. நான் பூவைப் பாத்துச் சந்தோசப்பட்டனான் எண்டு இவர் நினைச்சுக்கொண்டிருக்கிறார். நான் பூவைப் பாக்கேல்லை. இவற்ற கையைத்தான் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்தனான். ஒரு வருசம் பெருவிரல்ல பிளாஸ்ரர். கேட்டா, ஒண்டுமில்லை எண்டார். அடுத்த வருசம் அந்த விரல்ல நகம் இல்லை. பிறகு கை வரவரக் கறுத்துக்கொண்டு வந்திது. வீடியோவில முகத்தைக் காட்டேக்க சிரிச்சுக்கொண்டுதான் காட்டுவார். கைக்குச் சிரிக்கத் தெரியாதெல்லோ?"

சுகு தன் வலக்கையை மெல்லப் பின்னால் எடுத்தார். அவள் கதிரையிலிருந்து எழும்பிப் போய், பின்னாலிருந்து அந்தக் கையை இழுத்து எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்து, யன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நகமில்லாத பெருவிரலைத் தன் விரலால் தடவினாள். வேற்று ஆள் நிற்க ஒரு முல்லைத்தீவுப் பெண் புருசனின் கையை அப்படிப் பிடித்து நான் கண்டதில்லை. அவரும் வெட்கப்பட்டு இழுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு சொல் தேடினேன், அகப்படவில்லை.

சாப்பாட்டைக் குசினியில் வைத்துவிட்டு வந்து, "நான் போட்டு வாறன்" என்றேன். இருவருக்கும் கேட்கவில்லை. கதவை நானே சாத்திக்கொண்டு வந்தேன்.